இல்லாத கப்பலைப் பிளந்து பார்த்தவர்கள்

வீடு கட்ட அனுமதி கேட்டு வரும் மனுவோடு மூன்று வரைபடங்கள் இருக்கவேண்டும். பிளான், எலிவேஷன், செக்‌ஷன். மேலிருந்து பார்த்தால் எப்படி, தெருவில் நின்று பார்த்தால் எப்படி, கத்தி வைத்து நெடுக அறுத்துப் பார்த்தால் எப்படி. நான் டிராஃப்ட்ஸ்மேன் அல்ல, வெறும் குமாஸ்தா. ஆனாலும் இருபது வருஷத்துக்கு மேல் அந்த அமோனியா வாடை அடிக்கும் பிரிண்ட் தாள்கள் என் மேஜை வழியாகத்தான் போய்வந்தன. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், எலிவேஷனில் யார் வேண்டுமானாலும் ஜம்பம் காட்டலாம். செக்‌ஷனில் முடியாது. மாடிப்படி எங்கே போய் முடிகிறது, படிக்குக் கீழே நடந்தால் தலை இடிக்குமா, கக்கூஸ் எங்கே என்பதெல்லாம் அங்கே வெளியே வந்துவிடும். நம்மூர்த் தமிழர் பகுதி வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் நின்று மாடியைப் பார்த்தால் பிரெஞ்சுக்காரன் வீடு. பிளந்து பார்த்தால் திண்ணை, முற்றம், ஊஞ்சல்.

இன்று எழுத வந்தது வீடுகளைப் பற்றி அல்ல. இல்லாத கப்பல்களைப் பற்றி. கதையில் மட்டும் இருக்கிற கப்பல், நீர்மூழ்கி, விண்கலம் இவற்றையெல்லாம் இருப்பதுபோலவே அறுத்து, உள்ளே இருக்கும் அறைகளையும் எந்திரங்களையும் அம்புக்குறி போட்டுக் காட்டும் படப் புத்தகங்கள் உண்டு. உங்கள் பேரப்பிள்ளைகளிடம் ஒன்றாவது இருக்கலாம். பெரிய அளவுத் தாள், கெட்டி அட்டை, விலையும் அதிகம். பிள்ளைகள் குப்புறப் படுத்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்ப்பார்கள். இது பொம்மைப் புத்தகம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்கக்கூடாது என்பது என் கட்சி.

இந்த வகைப் படத்துக்குப் பிரெஞ்சில் ‘எகோர்ஷே’ என்று பெயர். தோலுரித்தது என்று பொருள். ஓவியப் பள்ளிகளில் மனித உடலின் தசைகளைக் கற்பதற்காக, தோல் உரித்த மனிதனைப்போல் ஒரு சிலை வைத்திருப்பார்கள். சிற்பி ஊதோன் 1767-இல் செய்த சிலை அந்த வகையில் பெயர்பெற்றது. அந்த வார்த்தையே பிற்பாடு மோட்டார் கார், விமானம், கப்பல் எல்லாவற்றுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் எகோர்ஷே வேறு, ‘கூப்’ வேறு என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கூப் என்றால் ஒரே வெட்டு, முழுசாக அறுத்தது. எகோர்ஷே என்றால் வெளித்தோலில் ஒரு பகுதியை மட்டும் உரித்துவிட்டு மீதியை அப்படியே விட்டுவைப்பது. பலாப்பழத்தை நடுவே அறுத்தால் கூப், ஒரு பக்கம் மட்டும் கீறிச் சுளையைக் காட்டினால் எகோர்ஷே.

இருக்கிற பொருளை இப்படிக் காட்டும் வழக்கம் பழையது. ஜெர்மானியரான அக்ரிகோலாவின் சுரங்கத் தொழில் நூல் 1556-இல் வந்தது. அதில் மலையையே உரித்து, உள்ளே ஏற்றங்களும் ஆட்களும் வேலை செய்வதை மரக்கட்டை அச்சில் காட்டியிருக்கிறார்கள். திதெரோவின் கலைக்களஞ்சியத்தில் படங்களுக்கென்றே 11 தொகுதிகள். தொழிலாளியின் பட்டறைக்குள் அதுவரை எட்டிப் பார்க்காத படித்த சீமான்கள், ஆலை எப்படி ஓடுகிறது, கருவி எப்படிப் பிடிக்கப்படுகிறது என்று அந்தப் படங்களில்தான் பார்த்தார்கள்.

இல்லாத பொருளுக்கு இதைச் செய்யவேண்டும் என்ற ஆசையை எழுத்தில் மூட்டியவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் ழூல் வெர்ன். அவருடைய ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ 1869 மார்ச்சிலிருந்து 1870 ஜூன்வரை ஒரு பத்திரிகையில் தொடராக வந்தது. நாங்கள் அறுபதுகளில் அஷேத் கம்பெனியின் பச்சை அட்டை வரிசையில் படித்தோம். அதில் ஒரு இடம். கேப்டன் நெமோ பேராசிரியர் அரோனாக்ஸை வரவேற்பறைக்கு அழைத்துப்போய் ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டுகிறார். அது நாட்டிலஸ் நீர்மூழ்கியின் பிளான், செக்‌ஷன், எலிவேஷன். நம் ஆபீசில் கேட்கும் அதே மூன்று! பேராசிரியர் பார்க்கிறார். நாம் பார்ப்பதில்லை. ரியூ, நெவில் என்ற இரண்டு ஓவியர்கள் 1871-இல் வந்த படப் பதிப்புக்கு நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார்கள். வரவேற்பறை இருக்கிறது, நூலகம் இருக்கிறது, எந்திர அறை இருக்கிறது. பேராசிரியர் முன்னால் விரித்த தாளுக்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது எண்கள்தான்.

அந்த எண்களை ஒரு குமாஸ்தாவின் கண்ணோடு பார்த்தால் தனிச் சுவை. கப்பலின் நீளம் 70 மீட்டர், அகலம் 8 மீட்டர், கொள்ளளவு சுமார் 1,500 கன மீட்டர். நடுவிலிருந்து முன்பக்கம் சாப்பாட்டு அறை 5 மீட்டர், நூலகம் 5, வரவேற்பறை 10, நெமோவின் அறை 5, பேராசிரியரின் அறை இரண்டரை, அதற்கு முன்னே மூக்குவரைக்கும் காற்றைச் சேமிக்கும் தொட்டி ஏழரை. கூட்டிப் பாருங்கள், சரியாக 35. பாதிக் கப்பல். பின்பக்கம் ஒரு சின்ன அறை 2 மீட்டர், சமையலறை 3, மாலுமிகள் படுக்கும் இடம் 5, எந்திர அறை 20-க்குக் குறையாமல். இது 30. மீதி 5 மீட்டர் நடுவில் ஏணி ஏறுகிற கிணற்றுக்கும் தடுப்புச் சுவர்களுக்கும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடுகிறது. சமையலறைக்குப் பக்கத்தில் குளியலறை இருக்கிறது, வெந்நீர்க் குழாய், தண்ணீர்க் குழாய் இரண்டும் உண்டு என்றும் சொல்லிவிடுகிறார். நாவலாசிரியர்களில் எத்தனை பேர் கதாநாயகன் குளிக்கும் இடத்துக்கு அளவெடுத்திருக்கிறார்கள்?

ஆனால் ஆடிட் என்று வந்துவிட்டால் ழூல் வெர்னையும் விடமுடியாது. கப்பலின் விலையை நெமோ சொல்கிறார். ஒரு டன்னுக்கு 1,125 பிராங்க், கப்பல் 1,500 டன், ஆகமொத்தம் 16,87,000 பிராங்க். பெருக்கிப் பாருங்கள், 16,87,500 வரும். ஐந்நூறு பிராங்க் எங்கே? எங்கள் சூப்பிரண்டெண்ட் இதைப் பார்த்திருந்தால் சிவப்பு மையில் சுழித்து நெமோவுக்கே மெமோ கொடுத்திருப்பார்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு மனிதனுக்கு 24 மணி நேரத்துக்கு 2,400 லிட்டர் காற்று வேண்டும், நாட்டிலஸ் கொள்வது 15 லட்சம் லிட்டர், ஆகவே அந்தக் காற்று 625 பேருக்கு ஒரு நாள் போதும் என்று பேராசிரியர் தன் வேலையாள் கோன்செய்யோடு பேசுகிறார். இதில் எனக்கு ஆட்சேபணை உண்டு. 1,500 கன மீட்டர் என்பது வெளிக்கூட்டின் அளவு. உள்ளே எந்திரம் இருக்கிறது, 12,000 புத்தகம் இருக்கிறது, மூழ்குவதற்குத் தண்ணீர் ஏற்றும் தொட்டிகளே 150 டன் பிடிக்கும். வெறும் காற்றுக்கு மீதி எவ்வளவு? காலிமனையின் அளவைச் சொல்லிக் குடியிருக்கும் பரப்பு என்று எழுதுவதுபோல இருக்கிறது. நல்லவேளை, கப்பலில் இருப்பவர்கள் அந்த 625-இல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று பேராசிரியரே சமாளித்துக்கொள்கிறார்.

அப்படியானால் எத்தனை பேர்? இங்கேதான் வெர்னின் சாமர்த்தியம். சுற்றிக்காட்டிக்கொண்டே வரும்போது மாலுமிகள் அறைக் கதவு மட்டும் சாத்தியிருக்கிறது. திறந்திருந்தால் உள்ளே பார்த்து எத்தனை பேர் என்று கணக்கிட்டிருப்பேன் என்கிறார் பேராசிரியர். இன்னொரு நாள் வலை இழுக்க இருபது பேர் போல மேல்தளத்துக்கு வருகிறார்கள். ஆக, 5 மீட்டர் நீள அறையில் குறைந்தது இருபது பேர் படுக்கவேண்டும். ஒன்றரை நூற்றாண்டாக நாட்டிலஸைப் பிளந்து வரைய உட்காரும் ஒவ்வொருவரும் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். கதை எழுதுகிறவர் கதவைச் சாத்திவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். வெட்டுப்படம் வரைகிறவனுக்குச் சாத்திய கதவு கிடையாது. சுவரையே எடுத்தாயிற்றே! கட்டிலை ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனை அடுக்கு போடுவது என்று அவன் முடிவு செய்தே ஆகவேண்டும்.

நெமோ கப்பல் கட்டிய விதமும் இதோடு சேர்ந்ததுதான். அடிமரம் பிரான்சில் லெ க்ரெசோவில் செய்தது, வெளித் தகடுகள் லிவர்பூலில், சுழலி கிளாஸ்கோவில், தொட்டிகள் பாரிஸில், எந்திரம் ஜெர்மனியில் க்ருப் ஆலையில். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பெயரில் வரைபடம் போயிற்று. யாருக்கும் தான் எதைச் செய்கிறோம் என்று தெரியாது. எல்லாவற்றையும் ஒரு ஆளில்லாத் தீவுக்குக் கொண்டுபோய் இணைத்தார்கள். முழு செக்‌ஷனைப் பார்த்த வெளியாள் பேராசிரியர் ஒருவர்தான், அவரும் கைதி. இந்த நெமோ யார் என்பது பின்னால் வந்த ‘மர்மத் தீவு’ நாவலில் தெரிகிறது. புந்தேல்கண்ட் ராஜாவின் மகன், திப்பு சுல்தானின் உறவினர், இளவரசர் டக்கர். முதலில் அவரைப் போலந்துக்காரராக ஆக்கத்தான் வெர்ன் நினைத்தார். ரஷ்யாவில் புத்தகம் விற்காமல் போய்விடும் என்று பதிப்பாளர் எட்ஸெல் தடுத்தார். வியாபாரக் கவலையால் நமக்கு ஒரு இந்தியக் கேப்டன் கிடைத்தார் என்று சந்தோஷப்படலாம்.

அந்த ஏழரை மீட்டர் காற்றுத் தொட்டியை மறந்துவிடாதீர்கள். நாவலின் இரண்டாம் பாகத்தில் தென்துருவத்திலிருந்து திரும்பும்போது நாட்டிலஸ் பனிப்பாறைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்கிறது. மேலே போக வழியில்லை, தொட்டியில் இருக்கும் காற்று இரண்டு நாளைக்குத்தான். அப்போது அந்தப் பழைய அளவுக்கு உயிர் வந்துவிடுகிறது. ஆட்கள் முறைவைத்து வெளியே போய்ப் பனியை வெட்டுகிறார்கள். உள்ளே மூச்சு முட்டுகிறது. கடைசியில் கோன்செய்யும் ஈட்டிக்காரன் நெட் லேண்டும் ஒரு கருவியின் அடியில் மிச்சமிருந்த கொஞ்சக் காற்றைத் தாங்கள் சுவாசிக்காமல் பேராசிரியருக்குக் கொடுக்கிறார்கள். முன்பே அளவு சொல்லியிருந்ததால்தான் அந்தக் கொஞ்சக் காற்றின் மதிப்பு நமக்குத் தெரிகிறது. தொட்டி எவ்வளவு பெரிது என்று சொல்லாத எழுத்தாளர், வேண்டும்போதெல்லாம் அதில் இன்னும் கொஞ்சம் காற்றை ஊற்றிக்கொண்டே போகலாம்.

இனி இருபதாம் நூற்றாண்டு. இங்கிலாந்தில் 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி ‘ஈகிள்’ என்ற சிறுவர் வாரப் பத்திரிகை தொடங்கியது. அட்டையில் டான் டேர் என்ற விண்வெளி வீரனின் சித்திரக்கதை, நடுப்பக்கத்தில் ஆஷ்வெல் வுட் வரைந்த எகோர்ஷே. முதல் இதழில் அவர் உரித்தது ஒரு புதுவகை ரயில் என்ஜின். பிறகு வாராவாரம் விமானம், கப்பல், சுரங்கம் என்று நூற்றுக்கணக்கில். ஒரே தாளில் அட்டையில் பொய்க் கப்பல், நடுவில் மெய் என்ஜின். இரண்டுக்கும் ஒரே மாதிரி வண்ணம், ஒரே மாதிரி துல்லியம். பத்து வயதுப் பையனுக்கு இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே தெரியப்போகிறது? பிரான்சில் 1959-இல் தொடங்கிய ‘பிலோத்’ பத்திரிகையும் நடுப்பக்கத்தில் இதே வேலையைச் செய்தது. ஆனால் அதன் மனம் சரித்திரத்தில்தான் அதிகம்.

அமெரிக்காவில் இதைச் செய்தவர் எனக்கு நெருக்கமானவர்போலத் தோன்றுகிறார். காரணம், அவரும் ஆபீஸ் வேலை பார்த்து முடித்தவர். பெயர் பிரான்ஸ் ஜோசப். சான் டியேகோவில் விமானம் செய்யும் நிறுவனத்தில் நெடுங்காலம் வரைவு வேலை. ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற தொலைக்காட்சித் தொடர் 1966-லிருந்து 1969-வரை ஓடி நின்றுபோயிற்று. அவர் மகளும் அவள் சினேகிதிகளும் அந்தத் தொடரின் தீவிர ரசிகைகள். அவர்கள் வைத்திருந்த படங்களைப் பார்த்த அப்பா, செய்வதானால் ஒழுங்காகச் செய்யவேண்டும் என்று வரைபலகையை எடுத்துவிட்டார். எண்டர்பிரைஸ் என்ற அந்த விண்கலம் 947 அடி நீளம், 430 பேர் வேலை செய்வது. அதைத் தளம் தளமாக 12 தாள்களில் வரைந்து 1975-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் வந்த அவருடைய தொழில்நுட்பக் கையேடு விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

அவர் சந்தித்த ஒரு சிக்கல் சொல்லவேண்டும். தொடருக்காகக் கட்டிய செட்டில் கேப்டன் நாற்காலிக்குப் பின்னால், கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி லிஃப்ட் கதவு இருக்கும். கப்பலின் வெளி மாதிரியிலோ லிஃப்டுக்கான மேடு நேர் பின்னால், நடுமத்தியில் இருக்கிறது. செட் போட்டவரும் மாதிரி செய்தவரும் கலந்து பேசவில்லை, நம்மூர் சிவில் காண்ட்ராக்டரும் எலக்ட்ரிகல் காண்ட்ராக்டரும்போல. மூன்று வருஷம் தொலைக்காட்சியில் ஓடியும் யாருக்கும் இது உறுத்தவில்லை. பிளான் போட உட்கார்ந்தவுடன் உறுத்திவிட்டது. கதவை நகர்த்தினால் தொடருக்கு விரோதம், மேட்டை நகர்த்தினால் மாதிரிக்கு விரோதம். அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த அறையையே 36 டிகிரி திருப்பி வைத்துவிட்டார்! அதன்படி கேப்டன் கப்பல் போகும் திசையைப் பார்த்து உட்காருவதில்லை, கோணலாகத்தான் உட்காருகிறார். ரசிகர்களில் பலர் இதை ஏற்கவில்லை, இன்றைக்கும் சண்டை நடக்கிறது. நான் பிரான்ஸ் ஜோசப் கட்சி. இரண்டு ஆவணம் முரண்பட்டால் இரண்டையும் கிழிக்காமல் வழி கண்டுபிடிக்கிறவன்தான் நல்ல அலுவலன். அதே மனிதர் இருபத்தோராம் தளத்தில் பந்து உருட்டி விளையாடும் கூடம் ஒன்றும் வைத்தார். நானூற்று முப்பது பேரை வருஷக்கணக்கில் அடைத்துவைத்தால் அவர்கள் சாயங்காலம் எங்கே போவார்கள் என்று யோசித்திருக்கிறார்.

‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் கப்பல்களுக்கும் இதே கதிதான். பால்கன் என்ற பழைய சரக்குக் கப்பலுக்கு வெளியே கட்டிய செட் ஒரு அளவு, உள்ளே கட்டிய செட் இன்னொரு அளவு. உள்ளே இருப்பது வெளியே இருப்பதற்குள் அடங்காது. லண்டனின் டார்லிங் கிண்டர்ஸ்லி நிறுவனம் 1998-இல் ஒரு பெரிய வெட்டுப்படப் புத்தகம் போட்டபோது ஹான்ஸ் ஜென்சன், ரிச்சர்ட் சேஸ்மோர் என்ற இரு ஓவியர்கள் அதை அடக்கிக் காட்டவேண்டியிருந்தது. எழுத்து வேலையைச் செய்த டேவிட் வெஸ்ட் ரெனால்ட்ஸ் தொல்லியல் படித்தவர் என்பது பொருத்தம். புதைந்துபோனதைத் தோண்டிப் பார்ப்பவரும் இல்லாததைத் தோண்டிப் பார்ப்பவரும் செய்வது ஏறக்குறைய ஒரே வேலை. அதே நிறுவனம் 1992-இல் ஸ்டீபன் பீஸ்டி என்பவரின் புத்தகம் ஒன்று வெளியிட்டிருந்தது. அதில் எல்லாம் மெய்யான கோட்டை, ரயில், கப்பல். கைத்திறனில் என்னைக் கேட்டால் பீஸ்டிதான் மேல். ஒவ்வொரு அறையிலும் குட்டி மனிதர்கள் சமைக்கிறார்கள், சண்டைபோடுகிறார்கள், ஒதுங்குகிறார்கள்.

வருஷ வரிசைப்படி முன்னாலேயே சொல்லியிருக்கவேண்டிய ஒருவரைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். பெல்ஜியத்துக்காரர் எர்ழே. அவருடைய டின்டினை நாங்கள் பிரெஞ்சு உச்சரிப்பில் ‘தன்தன்’ என்போம், வீட்டில் பாட்டி அதைத் தண்டம் என்பார். அவருடைய நிலவுப் பயணக் கதை 1950 மார்ச்சில் தொடராகத் தொடங்கியது. நடுவில் அவர் உடல் நலம் கெட்டு ஒன்றரை வருஷம் நின்று, பிறகு முடிந்து, இரண்டு புத்தகங்களாக 1953-லும் 1954-லும் வந்தது. ரஷ்யாவின் ஸ்புட்னிக் 1957-இல்தான் மேலே போனது என்பதை நினைவில் வையுங்கள். அலெக்சாந்த்ர் அனனோஃப் என்பவர் 1950-இல் விண்வெளிப் பயணம் பற்றி எழுதிய நூலை எர்ழே வரிவரியாகப் படித்தார். ஜெர்மானியரின் வி-2 ஏவுகணையின் உருவத்தை எடுத்துக்கொண்டு சிவப்பு வெள்ளைக் கட்டம் பூசினார். பிறகு அந்த ராக்கெட்டுக்கு ஒரு மாதிரி செய்யச்சொன்னார். தளம் தளமாகக் கழற்றக்கூடிய மாதிரி. அதை அனனோஃபிடம் காட்டி, சரி என்று சொன்னபிறகுதான் வேலை நடந்தது. எந்தக் கட்டத்தை வரைந்தாலும் பாத்திரம் எந்தத் தளத்தில், எந்த ஏணிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று அவரும் உதவியாளர்களும் மாதிரியைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

முதல் புத்தகத்தில் பேராசிரியர் துர்னசோல் ராக்கெட்டின் வெட்டுப்படத்தைக் காட்டும் இடம் வரும். உச்சியில் ஓட்டுமிடம், கீழே தங்கும் தளம், அதற்குக் கீழே சரக்கு, அடியில் அணுசக்தி எந்திரம். ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் வேறு எந்திரம், நைட்ரிக் அமிலமும் அனிலினும் கலந்து ஓடுவது. இதையெல்லாம் நாங்கள் மனப்பாடமாகச் சொல்வோம். படத்தில் ஒரு தரம் பார்த்துவிட்டதால், ஏணியில் யார் இறங்கினாலும் எங்கே போகிறார் என்று எங்களுக்குத் தெரியும். 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் நிலவில் இறங்கினார் என்று கேட்டபோது எங்கள் வகுப்பில் ஒருவன், அவர்கள் ஏணி எந்தப் பக்கம் என்றுதான் முதலில் கேட்டான்.

அந்த ராக்கெட் நான்கு பேருக்குப் போட்ட கணக்கு. டின்டின், கேப்டன் ஹடோக், துர்னசோல், பொறியாளர் வோல்ஃப், அப்புறம் ஒரு நாய். பிராணவாயுவும் நாலு பேருக்கே. புறப்பட்ட பிறகு பார்த்தால், இரட்டையர் போன்ற அந்த இரண்டு துப்பறிவாளர்கள் உள்ளே இருக்கிறார்கள். புறப்படுவது 1.34 என்றால் பிற்பகல் 1.34 என்று நினைத்துவிட்டார்கள், அது நடுநிசி தாண்டிய 1.34. சிரிக்கிறோம். ஆனால் சிரிப்போடு எர்ழே விடவில்லை. ஆறு பேர் ஆகிவிட்டதால் நிலவில் தங்கும் நாளைக் குறைக்கவேண்டியதாகிறது. பிறகு சரக்குத் தளத்தில் பெட்டிக்குள் ஒளிந்து வந்த எதிரி ஒருவன் வெளியே வருகிறான். ஏழு பேர். அவனுக்கு உடந்தையாக இருந்தவர் வோல்ஃப். சூதாட்டக் கடனில் சிக்கி, மிரட்டலுக்குப் பணிந்து, பிறகு கூட இருந்தவர்களைக் கொல்ல மனம் வராமல் தடுமாறுகிறவர். கைகலப்பில் எதிரி சுடப்பட்டுச் சாகிறான். அப்படியும் ஊர் போய்ச் சேரக் காற்று போதாது. மற்றவர்கள் தூங்கும்போது வோல்ஃப் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, வெளிக்கதவைத் திறந்துகொண்டு ராக்கெட்டைவிட்டு வெளியே போய்விடுகிறார். தன் பங்குக் காற்றை மீதமாக்குவதற்காக.

சிறுவர் கதையில் இப்படி ஒரு முடிவு வந்ததும் கத்தோலிக்க வட்டாரங்களில் முணுமுணுப்பு. தற்கொலை அல்லவா? அந்த நெருக்கடியால் வோல்ஃபின் கடிதத்தில், ஏதாவது அற்புதம் நடந்து நான் பிழைத்தாலும் பிழைக்கலாம் என்கிற கருத்தில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார் எர்ழே. சேர்த்ததற்காகப் பிற்காலத்தில் வருத்தப்பட்டார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. அந்தக் கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை அவரே முதல் புத்தகத்தில் வரைந்து காட்டிவிட்டாரே. தளங்கள், ஏணி, காற்றுப்பூட்டு அறை, அதற்கு வெளியே வெறும் கறுப்புத் தாள். அற்புதம் வந்து நிற்க அந்தப் படத்தில் இடமே கிடையாது. எட்டு வயதிலேயே எங்களுக்கு அது தெரிந்திருந்தது. அந்த வாக்கியத்தை நாங்கள் யாரும் நம்பவில்லை.

அவர் விட்டுப்போன காற்றும் அரைகுறையாகத்தான் போதுகிறது. பூமியை நெருங்கும்போது எல்லோரும் மயங்கிக் கிடக்கிறார்கள். ராக்கெட் தானாக இறங்குகிறது. கதவை அறுத்துத் திறந்து ஒவ்வொருவராக வெளியே தூக்கிவந்து பிராணவாயு கொடுக்கிறார்கள். ஒவ்வொருவராக எழுந்திருக்கிறார்கள், ஹடோக் மட்டும் எழவில்லை. இதயம் களைத்துவிட்டது, எல்லாம் விஸ்கியால் வந்த கேடு என்று டாக்டர் உதட்டைப் பிதுக்குகிறார். விஸ்கி என்ற சொல் காதில் விழுந்ததும் கேப்டன் கண்ணைத் திறந்துவிடுகிறார்.